தலைத்துணியை முகமாக்கிய நாடு

ஒரு நாடு தன் பண்பாட்டையும் வரலாற்றையும் ஒரே பொம்மைக்குள் அடக்கிக் காட்ட வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுக்கும்? உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் 1966 முதல் இக்கேள்விக்கு விடை சொல்லி வருகின்றன. இங்கிலாந்து சிங்கத்தைக் கொண்டு வந்தது. 1982இல் ஸ்பெயின் ஆரஞ்சுப் பழத்துக்குக் கைகால் வைத்தது. 1986இல் மெக்சிகோ பச்சை மிளகாய்க்கு மீசை வைத்துத் தொப்பியும் அணிவித்தது. பிரான்ஸுக்குச் சேவல், ரஷ்யாவுக்கு ஓநாய். கத்தாரின் முறை வந்தபோது ஒட்டகமோ வல்லூறோ வரும் என்றே எங்கள் வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம்.

2022 ஏப்ரல் 1 அன்று தோஹாவில் நடந்த குலுக்கல் நிகழ்ச்சியில் அறிமுகமானது ஒரு வெள்ளைத் தலைத்துணி! உடலும் இல்லை, காலும் இல்லை. காற்றில் மிதக்கும் குத்ரா, அதன்மேல் கறுப்பு இகால், நடுவே இரண்டு கண்களும் ஒரு சிரிப்பும். பெயர் லஈப்; கைதேர்ந்த ஆட்டக்காரன் என்று பொருள். பேய் போல இருக்கிறது என்று உலகெங்கும் பலர் கேலி செய்தார்கள். எங்கள் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

கத்தாருக்கு விலங்குகள் கிடைக்காமல் போகவில்லை. 2006 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு நாட்டின் தேசிய விலங்கான ஓரிக்ஸ் மானை ஓரி என்ற பெயரில் நிறுத்தியிருந்தார்கள். 2011 ஆசியக் கோப்பைக்குத் துள்ளியோடும் பாலைவன எலிகள் ஐந்து வந்தன. ஆகவே தலைத்துணி என்பது வேண்டுமென்றே செய்த தேர்வு. அதற்குள் ஒட்டகமும் ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னர்தான் கவனித்தோம். இகால் என்ற சொல்லே ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றைக் குறிப்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வை என்ற கருத்தில் வரும் ஹதீஸில் உள்ள வினைச்சொல்லும், அறிவைக் குறிக்கும் அக்ல் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தவை. ஒட்டகத்தையே வரைந்திருந்தால் சுற்றுலாப் பயணி எதிர்பார்த்ததைக் கொடுத்ததாக இருந்திருக்கும். கத்தாரிகளோ வீட்டை விட்டுக் கிளம்பும்போது தாமே எடுத்து அணிவதைக் கொடுத்தார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மேற்குலகின் திரைப்படங்கள் பலவற்றில் இந்தத் துணி தலையில் இருந்தால் அவன் வில்லன், அல்லது பணத்தை வாரி இறைக்கும் கோமாளி. பார்ப்பவரைப் பயமுறுத்தப் பயன்பட்ட ஒரு துணியை எடுத்து, எல்லா நாட்டுக் குழந்தைகளும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையாக மாற்றிவிட்டார்கள். நவம்பர் 20 அன்று அல்பைத் அரங்கில் நடந்த தொடக்க விழாவில் கானிம் அல்முஃப்தாஹ் ஸூரா ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தை ஓதினார். மனிதர்கள் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று பேசும் வசனம் அது. அதே விழாவில் லஈபும் தோன்றியது.

தோஹாவில் வேலை செய்யும் எங்கள் காக்கா அடுத்த விடுமுறையில் ஒரு லஈப் பொம்மையைக் கொண்டு வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உம்மா கேட்ட முதல் கேள்வி, “இது உருவமா, வெறும் துணியா?” என்பதுதான். சிரித்துவிட்டுக் கடக்கக்கூடிய கேள்வியன்று அது. உயிருள்ளவற்றை வரையும் தொழில் செய்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறிய செய்தி புகாரியில் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) சிறுவயதில் பொம்மைகளை வைத்து விளையாடியதும் ஹதீஸ்களில் வருகிறது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளை அதனால் அனுமதித்த அறிஞர்களும் உண்டு, கண்டிப்பு காட்டியவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களோடு இருக்கிறது. தொழும் அறைக்குள் வருவதில்லை. வடிவமைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் துணியைத் தேர்ந்தார்களா என்பது வேறு விஷயம். உயிரற்ற பொருளிலிருந்து தொடங்கியதால் இவ்விவாதம் பாதியிலேயே தணிந்துவிட்டது என்பது உண்மை.

காக்காவுக்கு வேறொரு மனக்குறை. “அங்க இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க எங்கள மாதிரி வெளிநாட்டுக்காரங்கதான். நாங்க யாரும் குத்ரா கட்டுறதில்ல. அறைக்கு வந்தா கைலிதான்” என்றார். குத்ராவுக்கு அடியில் அணியும் கஹ்ஃபியா தொப்பியின் வடிவில் அல்துமாமா அரங்கைக் கட்டினார்கள். அத்தகைய அரங்குகளைக் கட்டியவர்களின் தலையில் இருந்தது பாதுகாப்புக் கவசமும் வெயிலுக்குச் சுற்றிய துண்டும். காக்காவின் பேச்சில் நியாயம் இருந்தது. ஒரு நாட்டை ஓர் உடைக்குள் அடக்கினால் அந்த உடையில்லாதவர் வெளியே நின்றுவிடுகிறார். சிங்கத்துக்கும் சேவலுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

“அப்படியானா நம்ம ஊருக்கு ஒரு சின்னம் செஞ்சா எதை வைக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒருவன் மரக்கலம் என்றான், ஒருத்தி நோன்புக் கஞ்சிச் சட்டி என்றாள். கைலிக்கு எங்கள் வாக்கு இரண்டு விழுந்தது. உம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தம்முடைய வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்தார். எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் பெண்கள் வெளியே செல்லும்போது சேலைக்கு மேல் போர்த்தியது அது. கல்யாண வீட்டுக்குக் கூட்டமாகப் போனால் தெரு முழுவதும் வெண்மையாக இருக்கும். வளைகுடாவிலிருந்து கறுப்பு அபாயாக்கள் வரத் தொடங்கிய பிறகு இது மெல்லப் பெட்டிக்குள் போய்விட்டது. மறைப்பு என்ற கடமை இரண்டிலும் நிறைவேறுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேசத்தவர் தம் துணியை உலகத்தின்முன் நிறுத்திய அதே காலத்தில், நாம் அவர்கள் ஊர்த் துணியை உடுத்திக்கொண்டு நம்முடையதை மடித்து வைத்துவிட்டோம்.

மகள் அந்தத் துப்பட்டியைப் பார்த்தபடியே வரைந்து முடித்தாள். கண் வைக்கலாமா என்று உம்மாவிடம் கேட்டாள். உம்மா துணியின் ஓரத்துத் தையலைக் காட்டி, “மொதல்ல இத ஒழுங்கா வரை” என்றார்.