முகம் பார்த்துப் பாலறிதல்

பூனாகலையில் மழைக்கால விடியற்பொழுதில் பிரட்டுக்களம் நோக்கிச் செல்வோருள் ஆண் யார், பெண் யார் எனத் தூரத்திலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. கம்பளியும் தலைத்துண்டும் அனைவரையும் ஒரே உருவாக்கிவிடும். ஆயினும் எங்கள் கங்காணியாருக்கு இதில் ஐயம் எழுந்ததேயில்லை. அவர் முகத்தைக் கொண்டன்று, செக்ரோலைக் கொண்டே ஆளை அறிந்தார். அவ்வறிவின் விளைவு சம்பளத்திலே தெரிந்தது. தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

முகப்படத்தைக் கண்டு பாலைக் கூறும் கணனியைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செக்ரோலே நினைவுக்கு வருகிறது. இம்முயற்சி புதியதுமன்று. 1990இல் கொலம்ப், லோரன்ஸ், செஜ்னோவ்ஸ்கி என்போர் தாடியும் நகையும் இல்லாத இளையோரின் 90 முகப்படங்களைக் கொண்டு ஒரு நரம்பு வலையமைப்பைப் பயிற்றினர். அது 8.1 சதவீதம் பிழைவிட, மனிதரோ 11.6 சதவீதம் பிழைவிட்டனராம். இத்தகைய கணனிக்கு ஆண்மை, பெண்மை என எதுவுந் தெரியாது. படங்களுக்கு மனிதர் இட்ட பெயர்களையே அது மனனஞ் செய்கிறது. பழக்கப்படாத முகத்தின் முன் தடுமாறுகிறது. 2018இல் ஜோய் புவோலம்வினியும் திம்னிற் கெப்ருவும் ஆபிரிக்க, ஐரோப்பிய நாடுகள் ஆறின் பாராளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் படங்களால் மூன்று நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தனர். வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடத்தோ 34.7 சதவீதம் வரை சென்றது. வெயிலிற் கறுத்து, வெற்றிலையாற் சிவந்த வாயுடன் கொழுந்து கொய்யும் எங்கள் பெண்களின் முகம் அச்சோதனையிற் கூட இடம்பெறவில்லை!

அம்முகங்களையும் சேர்த்துப் பிழையைக் குறைத்துவிட்டாற் போதும் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. கங்காணியார் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. எங்கள் தாய்மார் குறைந்த சம்பளமே பெற்றனர். கருவி சரியாகச் சொல்கிறதா என்பதோடு, எவர் பொருட்டுச் சொல்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். சோதிக்கப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றான மைக்கிரோசொப்ற், பால் கணிக்கும் வசதியைக் கைவிடுவதாக 2022இல் அறிவித்தது. பிழைவீதத்தைத் திருத்தியமைத்த பின்னரும் இம்முடிவு வந்தமை நோக்கத்தக்கது.

நமது தேசிய அடையாள அட்டையோ படத்தை ஒட்டிக்கொண்டும் அதனை நம்புவதில்லை. பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களிற் பெண்ணாயின் 500 கூட்டப்படும். ஜனவரி முதலாந் திகதி பிறந்த ஆண் 001, பெண் 501. பிறப்பிற் பதிந்தது தமக்குப் பொருந்தவில்லை என்போர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறுவதற்குச் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வழிவகுத்தது. அச்சான்றிதழுக்கு மருத்துவரின் கையொப்பம் வேண்டும். அதற்கும் முன்னதாக, தாம் யாரென அவர்தாமே வாய்திறந்து கூறவேண்டும்.