ஈரம் பார்க்கும் வேலை

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எண்ணெய்க் கிணறு கிடையாது. நாட்டின் கிணறுகள் திரங்கானு, சபா, சரவாக் கடலில் இருக்கின்றன. ஆனாலும் சூட்டைப் பற்றிப் பேச ஏற்ற ஊர் இது. இங்குள்ள மட்பாண்டப் பட்டறையின் டிராகன் சூளையில் விறகு எரிந்தால், அனல் பாண்டத்தின் மேற்புறத்தைத் தொட்டு மெல்ல உள்ளே இறங்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வரும் கழிவைச் சுத்தம் செய்பவர்களும் நெடுங்காலம் இந்த வழியில்தான் போனார்கள்.

எண்ணெய் கலந்த சேற்றைச் செலுத்திக் கிணறு தோண்டும்போது, பாறைத் துகள்கள் எண்ணெயில் ஊறியே மேலே வருகின்றன. அதிர்வுச் சல்லடையும் சுழல் உலர்த்தியும் பெரும்பகுதியை மீட்டுவிடும். மிச்சம்தான் தொல்லை. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு 2000-இல் எடுத்த முடிவுப்படி, எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் ஒட்டிய துகளைக் கடலில் கொட்டக்கூடாது. எண்ணெயை அனலால் விரட்டலாம்தான். அதற்கு அத்தனை பாறையையும் சேர்த்து 250, 300 டிகிரிவரை காய்ச்ச வேண்டும்.

பிரிட்டனின் நாட்டிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் மைக்ரோவேவைக் கையில் எடுத்தார்கள். எண்ணெயும் பாறையும் அந்த அலையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. நுண்துளைகளில் சிக்கிய தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. சடுதியில் ஆவியாகி, பக்கத்து எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. துகள் அவ்வளவாகச் சூடேறாததால் எண்ணெய் சிதைவதில்லை. குளிர்வித்துப் பிரித்தால் மறுபடி சேற்றுக்கே உதவும். தீப்பிடிக்காமலிருக்க நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்.

உலர்த்தும் தொழிலில் பழகியவருக்கு ஈரம் எதிரி. இந்த இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ ஈரம் குறைந்தால்தான் கவலை. துகள் மிகவும் காய்ந்து வந்தால் தண்ணீர் தெளித்துக் கலக்க வேண்டும். ஈரம் கூடிப்போனாலோ மின்சாரமெல்லாம் வெறும் நீராவிக்கே செலவாகும். வேகமும் முக்கியம்: ஒரே அளவு மின்சாரத்தை நிதானமாகக் கொடுத்தால் நீராவி மட்டும் கசிந்து போய்விடும், எண்ணெய் அங்கேயே தங்கும். சட்டென்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். இடையில் ஓர் இரும்புச் சீவல் வந்துவிட்டாலும் பொறி பறக்கலாம். ஆய்வுக்கூடப் பெட்டியில் ஒரு கையளவை வைத்துச் செய்வது எளிது; ஓடும் பட்டையில், மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோ வரும்போது, ஒவ்வொரு கூடையும் வேறு ஈரத்தோடு வந்து விழும். நாட்டிங்ஹம் குழு 2010 வாக்கில் அப்படியொரு முன்னோட்ட ஆலையை ஓட்டி, அந்த 1 விழுக்காட்டை எட்டலாம் என்று காட்டியது.

ஆனாலும் களத்தில் சுத்தியல் ஆலைக்குத்தான் செல்வாக்கு. சுழலும் சுத்தியல்கள் துகளை அடித்து நொறுக்க, அந்த உராய்விலேயே சூடு பிறக்கிறது. மின்சாரம் கூடுதலாகத் தின்றாலும், வருகிற சரக்கின் ஈரத்துக்கு அது அவ்வளவு முகம் சுளிப்பதில்லை. இரவு ஷிப்டில் நிற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டாம்.