கேஸ் விடுங்க, சிஸ்டர்

ஆரம்பாக்கத்தில் புகையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர். நெடுஞ்சாலையில் லாரிப் புகை. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து காற்று அடித்தால் இரும்பு உலைப் புகை. ஆனால் என் சித்தி மகளின் தலைமுடியில் ஏறி வரும் புகையைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் பிள்ளையைத் தூக்குவாள். "கருகின கறி வாடைக்கா. சீயக்காய்க்கும் போவ மாட்டேங்குது."

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிக் கூடாரம்போல் உப்ப வைக்கிறார்கள். துளை வழியாகக் கேமரா போகிறது. காட்டரியால் திசுவைச் சுட்டு அறுக்கும்போது புகை எழும். மூடிய வயிற்றில் அதற்குப் போக்கிடம் இல்லை. டிவி திரை மங்கும். "கேஸ் விடுங்க, சிஸ்டர்" என்பார் டாக்டர். துளையில் செருகிய குழாயின் சின்னத் திருகை அவள் திறப்பாள். உஸ்ஸென்று வெளியேறும். திரை தெளிந்துவிடும். திருகுக்கும் அவள் முகத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

இதைப் புகை நீக்கம் என்கிறார்கள். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் ஒரு பொருள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். வயிற்றிலிருந்து நீங்குகிறது, சரி. போய்ச் சேரும் இடத்தை யார் கேட்டார்கள்?

அந்தப் புகையில் 95 விழுக்காடு நீராவிதான். மீதியில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, செல் துணுக்குகள். ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் சுட்டு வந்த புகை, மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் வீரியத்தில் ஆறு சிகரெட்டுக்குச் சமம் என்று 1981-இல் ஜப்பானியர் அளந்து சொன்னார்கள். முகத்தில் கட்டும் சாதாரண மாஸ்க் ரத்தம் தெறிப்பதைத் தடுக்கும். இவ்வளவு நுண்ணிய துகளைத் தடுக்காது.

லேப்ராஸ்கோப்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பித்தப்பையை நான்கு துளைகளில் எடுத்தார்கள்; மறுநாள் வீடு, பத்தாம் நாள் வகுப்பு. என் வயிற்றுப் புகையை எந்தப் பெண் சுவாசித்தாளோ, டிஸ்சார்ஜ் பில்லில் அவள் பெயர் இல்லை.

வழி தெரியாமலும் இல்லை. திருகில் ஒரு ட்யூப் மாட்டி, ஃபில்டர் வைத்து, சக்‌ஷனில் இணைத்தால் புகை அறைக்குள் வராது. 2020-இல் கொரோனா வந்தபோது, வயிற்றிலிருந்து விடும் வாயுவில் வைரஸ் இருக்கலாம் என்ற பயத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் சங்கங்களே ஃபில்டர் போடச் சொல்லின. அவள் தியேட்டருக்கும் பெட்டி பெட்டியாக வந்தது. டாக்டரின் மூச்சுக்கும் ஆபத்து என்றானபோது பணம் கிடைத்தது, பாருங்கள். அலை ஓய்ந்ததும் ஸ்டாக் தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. "ஒரு கேஸுக்கு ஒண்ணு, கட்டுப்படியாவாதாம்க்கா."

அமெரிக்காவில் நர்ஸுகளின் சங்கம் விடாமல் கேட்டது. 2018-இல் ரோட் ஐலண்ட் மாநிலம் முதலாவதாகச் சட்டம் போட்டது. தியேட்டர் புகையை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு கட்டாயம். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "அங்க சங்கம் இருக்குதுக்கா."

போன மாதம் மேட்ரனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். 'உடல்நலக் கேடு' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'திரை தெளிவாகத் தெரியும், ஆபரேஷன் நேரம் மிச்சமாகும்' என்று போடச் சொன்னாள். அப்படித்தான் படிப்பார்களாம். ஏழு பேர் கையெழுத்து. அதில் மூன்று பேர் கான்ட்ராக்ட். யார் முதலில் போட்டார்கள் என்று தெரியாதபடி பெயர்களை வட்டமாக எழுதியிருக்கிறார்கள்.