போட்டோ எடுக்கிறவர் போட்டோவில் இல்லை

போன கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீடு நிறைந்துவிட்டது. பெங்களூரிலிருந்து மகன் குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து மகள் குடும்பம், ஆரணியிலிருந்து என் அக்கா, அக்கா பிள்ளை, மருமகள், பேரப் பிள்ளைகள். சின்னதும் பெரிசுமாகப் பதின்மூன்று பேர். பாயும் தலையணையும் பத்தாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம்.

அக்காவுக்கு வயது 84. முட்டி வலியோடு இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அடுத்த தீபத்துக்கு வருவாரா என்று கேட்டால், "அவன் கூப்பிட்டா வரேன், இல்லாட்டி அவன்கிட்டயே போறேன்" என்று மலையைக் காட்டிச் சிரிக்கிறார். அதனால் இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதற்கு ஒரு போட்டோகிராபரையும் விசாரித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்து, இரண்டு பெரிய பிரிண்ட் போட்டுத் தர நாலாயிரம் ரூபாய் கேட்டார்.

மகன் சிரித்தான். "அப்பா, வீட்ல எட்டு போன் இருக்கு. எல்லாம் நல்ல கேமரா. நாலாயிரம் எதுக்கு தண்டமா?"

அவன் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானே சொன்னவன்தான்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தபால் துறையில் எழுத்தராக இருந்தபோது, 1976-ல் அரியர்ஸ் பணம் வந்தது. அதில் ஒரு அக்ஃபா கிளிக் III கேமரா வாங்கினேன். உங்களில் பலர் அதை வைத்திருந்திருப்பீர்கள். 120 பிலிம் போட்டால் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான 'இந்து' கருப்பு வெள்ளை பிலிமும் கிடைக்கும். பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் எடுப்போம். மகனுக்கு மொட்டை போட்டது, மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனது, போளூரில் குடியிருந்த வீட்டின் முருங்கை மரம், சாத்தனூர் அணைக்குப் போன சுற்றுலா எல்லாம் என் கையால் எடுத்தவை. அது பழுதான பிறகு 35 எம்.எம். கலர் கேமரா வந்தது. ஏழு ஆல்பம் சேர்ந்தது.

1984-ல் என் மனைவி ஒரு நாள், ஸ்டுடியோவுக்குப் போய்க் குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். "வீட்லயே கேமரா இருக்கு, எதுக்குத் தண்டச் செலவு?" என்றேன்.

"நீங்க எடுத்தா, அதுல நீங்க இருக்க மாட்டீங்களே" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல் கிளம்பினேன். அந்தக் காலத்து ஸ்டுடியோ எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. கோட்டு இல்லாதவர்களுக்கு ஆணியில் ஒரு கோட்டு. உள்ளே படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த படுதா. மூன்று பேராக நிற்கக் கூடாது, அடிக்கடி படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயப்படுகிற பாட்டிகள் இருந்த காலம். போட்டோகிராபர் என் தாடையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார். என் மனைவியின் தலைப்பைச் சரிசெய்யச் சொன்னார். மகள் அழுதாள். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். கிடைத்தது ஒரே ஒரு படம்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவள் கேட்டாள். மகன் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தடவை, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரு தடவை. "பார்க்கலாம்" என்றேன். அறுபதாம் கல்யாணமும் அந்த வருடம் என் மாமியார் தவறியதால் செய்துகொள்ளவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். சட்டம் போட்டு மாட்ட அவளுடைய படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏழு ஆல்பத்திலும் அவள்தான். சில வீடுகளில் கல்யாண குரூப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, டச்சப் செய்து மாட்டியிருப்பார்கள். இறந்தவருக்கே அடையாளம் தெரியாது. எங்களுக்கு அந்தக் குறை வரவில்லை. ஆனால் வருடாந்திரம் முடிந்த பிறகு மகள் கேட்டாள், "அப்பா, நீங்களும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் ஒண்ணு குடுங்க."

தேடினேன். கல்யாணப் படம் ஒன்று. 1984 ஸ்டுடியோ படம் ஒன்று. மகள் கல்யாணத்தில் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தோம். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிற படம் இரண்டுதான். மற்றதிலெல்லாம் அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நான்.

இந்தக் கதையை மகனிடம் சொல்லவில்லை. "சரி, நீயே எடு, பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

தீபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் ஏறினோம். அக்காவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் மலை தெரிய வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. எங்கள் வீடு பெரிய கோயிலுக்குக் கிழக்கே. மலை எங்களுக்கு மேற்கே. சாயங்கால வெயில் மலைக்குப் பின்னாலிருந்து அடிக்க, எல்லோருடைய முகமும் கரிப் பானையாக வந்தது. முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் மலை வெளுத்துக் காணாமல் போனது. பேரன் தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்து டைமர் வைத்தான். பத்து நொடிக்குள் என் மகன் ஓடி வந்து நிற்பதற்குள் போன் சரிந்து, அவன் கால் மட்டும் விழுந்தது. எல்லோரும் வரிசைக்குள் வரவேண்டும் என்று கிட்ட நின்று எடுத்ததில், ஓரத்தில் நின்ற மருமகப் பிள்ளையின் முகம் பூசணிக்காய்போல் அகன்றுவிட்டது. மலையோ ஒரு சின்னக் கரட்டு மேடாகத் தெரிந்தது. நம் ஊர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை!

ராத்திரி மகனே சொன்னான். "அந்த போட்டோகிராபரையே கூப்பிடுங்கப்பா."

தீபம் முடிந்த மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வந்தார். முப்பது வயதுப் பையன். மாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்தார். "வெயில் ஏறினா கண்ணைச் சுருக்குவாங்க சார், சூரியன் மேல வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். இங்கேருந்து எடுத்தா மலை வராது. எதிர் வீட்டு மாடிக்குப் போகலாமா?" என்றார். எதிர் வீட்டில் கேட்டு ஏறினார். தெருவைத் தாண்டி அந்த மாடியில் நின்று நீளமான லென்ஸ் மாட்டினார். அங்கிருந்து கத்தினால் தெருவே எழுந்துவிடும் என்று மகனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஒவ்வொருவரையும் நிறுத்தினார். அக்காவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்தார். ஓரத்தில் நின்றவர்களை உள்பக்கம் திரும்பச் சொன்னார்.

பிறகு அவர் விளக்கினார். கிட்டே நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் ஆகுமாம். தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் மனிதர்களுக்குப் பின்னால் மலை நெருங்கி வந்து நிற்குமாம். போனிலும் நாலடி பின்னால் போய் 2எக்ஸ் வைத்து எடுத்தால் முகம் இவ்வளவு கெடாது என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாலாயிரம் ரூபாய் கேமராவுக்கு இல்லை, எங்கே எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்ததற்கு என்று எனக்குப் புரிந்தது.

எடுக்கும் முன் போனில் அவர் குரல் வந்தது. "எல்லாரும் வந்தாச்சா சார்?"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அக்காதான் சொன்னார், "வந்தாச்சுப்பா. நீ எடு."

படம் நன்றாக வந்திருக்கிறது. பதின்மூன்று பேரும் இருக்கிறோம், நானும் இருக்கிறேன். பின்னால் மலை மலையாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்குப் பிடித்தது அந்தப் படம் இல்லை. மாடியிலிருந்து இறங்கியதும் திண்ணையில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டே மகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது பேரன் போனில் எடுத்த படம்தான். "இதுல நான் நானா இருக்கேன்டா" என்கிறார். அதையும் பிரிண்ட் போட்டு ஆரணிக்கு அனுப்பினேன்.

இரண்டும் வேண்டியிருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ரமண மகரிஷியின் படம் என்றதும் நம் கண்முன் வருவது, மார்பளவில் நேராக நம்மைப் பார்க்கும் அந்த முகம். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் பார்க்கிற அந்தப் படத்தை 1946-ல் எடுத்தவர் ஜி.ஜி. வெல்லிங் என்ற தொழில்முறை ஒளிப்படக்காரர். ஆனால் பகவானின் அன்றாட வாழ்க்கையைக் காட்டுகிற படங்களில் பல, சென்னையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி எடுத்தவை. அவர் தொழில் மருத்துவம், கேமரா அவருடைய ஆசை. முகத்தை நிலைக்க வைத்தது தொழில்காரர் கை. கூடவே இருந்து நாட்களைச் சேர்த்து வைத்தது பக்தரின் கை.

நம் வீட்டுக்கும் அதே கணக்குதான். நாட்களைப் பிடிக்கப் போன் போதும், அதற்கு வெளியாள் வேண்டாம். ஆனால் எல்லோரும் ஒன்றாக ஒரு படத்தில் இருக்க வேண்டுமானால் வெளியாள் ஒருவர் வரவேண்டும். அவர் வருகிறார் என்பதற்காகவே எல்லோரும் குளித்து, நல்ல உடை உடுத்தி, சண்டையை நிறுத்தி, அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்போம். அதை வீட்டு ஆள் கேட்டால் யாரும் செய்ய மாட்டோம். "பார்க்கலாம்" என்போம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 1984 படத்தின் நெகடிவ் கிடைக்குமா என்று அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். இப்போது அங்கே செல்போன் கடை. பழைய நெகடிவ்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம், அதில் இதுவும் போயிருக்கும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாகப் பாதுகாத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெயர் எழுதாத படம் எங்கே போய்ச் சேர்ந்தாலும் 'யாரோ ஒரு குடும்பம்'தான்.

அதனால் பிரிண்ட் வந்த அன்றே, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் இடமிருந்து வலமாகப் பதின்மூன்று பெயரையும் உறவையும் தேதியையும் எழுதினேன். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். எழுதி முடித்த பிறகு 1984 படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றி அதன் பின்னாலும் நாலு பெயரை எழுதினேன். அதில் என் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்தில் வந்தது.

உங்கள் வீட்டில் யாராவது ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வருகிற பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது எடுத்துவிடுங்கள்.