எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால்

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து பள்ளியின் வரலாற்றை வீடியோவாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். எட்டு நிமிடப் படம். சமூக அறிவியல் ஆசிரியரின் செல்போன்தான் கேமரா. ஒரு ட்ரைபாட், ஒரு காலர் மைக், ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம்.

முதலில் எழுதிய ஸ்கிரிப்டை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், டேன்ஸ்பர்க் கோட்டை, 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியது, 1845-இல் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஊரையே ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது என்று யூடியூபில் தரங்கம்பாடி எனத் தட்டினால் வருகிற அத்தனையும் அதில் இருந்தது. பள்ளிக்கூடம் ஏழாவது நிமிடத்தில்தான் தலைகாட்டியது. எடிட்டிங் செய்கிற பையன்தான் முதலில் கேட்டானாம்: “சார், நம்ம ஸ்கூலு எப்ப சார் வரும்?”

ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, இடப்பக்கம் பேசப்போகும் வரி, வலப்பக்கம் அந்த நேரத்தில் திரையில் என்ன தெரியும் என்று எழுதச் சொன்னார். வலப்பக்கம் காலியாக இருந்தால் ஒன்று படத்தைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் வரியை அடிக்க வேண்டும். இந்தத் தொழிலின் சூட்சுமமே இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கட்டுரையில் “அக்காலத்தில் மக்கள் கல்வியில் பின்தங்கியிருந்தனர்” என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். வீடியோவில் அந்த நாலு செகண்டுக்கு எதைக் காட்டுவது?

கோட்டைக்குப் பிரச்சினையே இல்லை. கடற்கரையில் நின்று போனைத் தூக்கினால் போதும். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலில் கடல் தின்றது போக மிஞ்சியதையும் எடுத்துவிட்டார்கள். சிக்கல் சீகன்பால்கிடம்தான் வந்தது. அந்த ஜெர்மன்காரர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். ஊரில் பள்ளிக்கூடக் கதையை எங்கே தொடங்கினாலும் அந்த மணல் வந்துவிடும். அதற்கு எங்கே போவது படத்துக்கு? பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்துவந்து, மணலில் ‘அ’ எழுத வைத்து, விரலை மட்டும் நெருக்கத்தில் எடுத்தார்கள். “இது பொய்தானே?” என்றாள் ஸ்கிரிப்ட் எழுதுகிற பெண். வாக்குவாதம் மதியச் சத்துணவு மணி வரைக்கும் நீண்டது. கடைசியில் திரையின் ஓரத்தில் ‘சித்திரிப்பு’ என்று போடுவதென முடிவாயிற்று. பெரிய சேனல்காரர்களே இதற்கு மெனக்கெடுவதில்லை.

பள்ளியின் சொந்தக் கதைக்குப் பழைய புகைப்படம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பிரிவு உபசாரக் குரூப் போட்டோக்கள் சில உண்டு. அவற்றில் ஆசிரியர்கள் நாற்காலியில் தெளிவாக இருக்கிறார்கள். பிள்ளைகள் பின்வரிசையில் வெளிறிப் போயிருக்கிறார்கள். அப்போதுதான் தலைமையாசிரியை பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பதிவேட்டைப் படமெடுத்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். வகுப்பறையில் டியூப்லைட் வெளிச்சம் போனில் கறுப்புப் பட்டைகளாக ஓடுகிறது என்று அணைத்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்தார்கள். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நீள மரஸ்கேல்கள் இரண்டைப் பாலமாக வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்தார்கள், கீழே பதிவேடு. மாணவர் பெயர் வரும் பத்தியை வெள்ளைத்தாள் துண்டால் மறைத்தாயிற்று, அது தலைமையாசிரியையின் கண்டிப்பு. ஒரு பெண் விரலால் ‘தந்தையின் தொழில்’ என்ற பத்தியில் மேலிருந்து கீழாகப் போகிறாள். மீன்பிடி, மீன்பிடி, கூலி, மீன்பிடி, விவசாயக் கூலி, மீன்பிடி. மை மங்கி, ஓரத்தைச் செல்லரித்த தாள். பின்னால் வரும் தொகுதிகளில் டிரைவர், கொத்தனார், வெளிநாடு. எடிட்டர் பையன் இந்த ஷாட்டை வேகமாக ஓட்டிக் காட்டினான். நாயக்கரும் டேனிஷ்காரரும் சொல்லாத ஊர் வரலாறு இருபது செகண்டில் ஓடிப்போனது. என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. அதற்குப் பின் வரும் நீக்கப் பதிவுகளில் சிலவற்றின் காரணப் பத்தியில் ‘சுனாமி’ என்றிருந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. எடிட்டர் சோகமான பின்னணி இசை ஒன்றை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தான். ஸ்கிரிப்ட் பெண் அதைக் கேட்டுவிட்டு, “வேணாம்டா, சீரியல் மாதிரி இருக்கு” என்றாள். நல்லவேளை.

வாய்ஸ் ஓவரை வகுப்பில் பதிந்து பார்த்தார்கள், எதிரொலி. மின்விசிறியை நிறுத்தியும் போகவில்லை. விலையில்லாப் பாடநூல் கட்டுகள் கூரை மட்டும் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில் பதிந்ததும் குரல் கணீரென்று வந்தது. புத்தகம் அடுக்கிய அறைக்கு அப்படி ஒரு குணம். உள்ளே வெந்து புழுங்கி, மூன்று வரிக்கு ஒருமுறை வெளியே ஓடிவந்து விசிறிக்கொண்டார்கள்.

காற்றை மட்டும் ஜெயிக்க முடியவில்லை. பள்ளியின் பழைய மாணவரான மீனவப் பெரியவர் ஒருவரைக் கட்டுமரத்தடியில் பேட்டி எடுத்தது மத்தியான வேளை. மைக்கில் பஞ்சு கட்டியும் இரைச்சல்தான். அவரே சொல்லிவிட்டார்: “இது கொண்டல் காத்து தம்பி. பொழுது சாயிற வரைக்கும் அடங்காது. வெள்ளன வாங்க.” சனிக்கிழமை விடியற்காலை போனபோது காற்று அடங்கியிருந்தது, ஏலக் கூச்சல் அடங்கவில்லை. ஏலம் முடியக் காத்திருந்து எடுத்தார்கள். மழைக்காலத்தில் ஓலைக்கூரை ஒழுகினால் பதிவேட்டை மட்டும் வாத்தியார் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றார். ஸ்கிரிப்ட் நோட்டில் இதற்கு எதிர்ப்பக்கம் என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. பதிவேட்டு ஷாட்டுக்கு மேல் அவர் குரலை வைத்துவிட்டார்கள்.

கோட்டைக்கு ஒரு நிமிடம் மிஞ்சியது. ரகுநாத நாயக்கருக்கு ஒரு வரி. 12.5 லட்சம் போயே போயிற்று. அதற்கு எதிரே வைக்க ரூபாய் நோட்டுப் படத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

ஓரளவு முடிந்த படத்தை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் காட்டப் போனார்கள். நானும் கூடப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் பார்த்தார்.

“நான் பேசுனது எம்புட்டு நேரம் வருது?”

“அம்பத்திரண்டு செகண்டு தாத்தா.”

“இதுக்கா அன்னிக்கிக் காலையில பூரா உக்கார வச்சீங்க?”