என் வீட்டு ஓடுகள்



கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் என் வீட்டுச் சமையலறையை விரிவுபடுத்தினேன். பழைய தரையைப் பெயர்த்தார்கள். ஒரு சுவரை இடித்தார்கள். குத்தகையாளர் கேட்ட தொகையை மூன்று முறை பேரம் பேசிக் குறைத்தேன். இடித்தவை எங்கே போகும் என்று மட்டும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பள்ளி திறந்தபின் மாணவர்களைப் போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். குளுவாங்கிற்கு வெளியே செம்பனைத் தோட்டச் சாலையில் வேன் சற்று நின்றது. என் வீட்டுக்குப் பாடம் படிக்க வரும் மாணவி சன்னல் வழியே கைநீட்டினாள்: "டீச்சர், உங்க வீட்டுக் கல்லு!"

நீலப்பூப் போட்ட அதே ஓடுகள்தாம். அருகே கிடந்த உடைந்த தொட்டியில் மழைநீர் தேங்கிக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசுவைப் பற்றி வகுப்பில் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்!

குத்தகையாளரை அழைத்துக் கேட்டேன். "குப்பை ஏற்றும் காசைத்தானே டீச்சர் நீங்கள் குறைத்தீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் என் செலவில் லோரி பிடித்து, அனுமதி பெற்ற இடத்திற்கு அவற்றை அனுப்பினேன்.

2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் (சட்டம் 672) ஜொகூரில் 2011 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. பழுதுபார்ப்பு, மாற்றியமைப்பு ஆகியவற்றால் சேரும் கழிவும் அதில் கட்டுமானக் கழிவே. ஆக, சிறு சமையலறை வேலைக்கும் பொறுப்புண்டு. நம் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தில் 2019இல் குப்பை நிலத்தின் கசிவுநீர் ஆற்றில் கலந்து குடிநீர் தடைப்பட்டதை நாம் மறக்கலாமா?

கழிவைக் குறைக்கும் வழி கட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுத்தேன். 3.6 மீட்டருக்கு 4.8 மீட்டர் அறைக்கு, 60 செண்டிமீட்டர் ஓடுகள் சரியாக 48 போதும், வெட்டே இல்லை. இருபுறமும் 10 செண்டிமீட்டர் கூடினால்? ஒவ்வோர் இடைவெளிக்கும் புது ஓட்டை வெட்டினால் 63 வேண்டும். வெட்டிய துண்டுகளையே அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் 51 போதும். "மீதிப் பன்னிரண்டும் காட்டுக்குத்தானே டீச்சர் போகும்?" என்றான் ஒரு மாணவன்.

பெற்றோர்களே, வீடு புதுப்பிக்கும்போது மூன்றை உறுதிசெய்யுங்கள். கழற்றிய கதவு, சன்னல், இரும்பு முதலியவற்றைத் தனியே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். தொட்டி வாடகையையும் லோரிச் செலவையும் விலைப்பட்டியலில் தனியாக எழுதி வாங்குங்கள். கழிவு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததற்கான இரசீதைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஆசிரியர்களே, பள்ளியில் கட்டட வேலை நடந்தாலும் இதே கேள்விகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

அந்த மாணவி இன்றும் என் வீட்டுக்கு வருகிறாள். புதிய தரையைப் பார்க்கும்போதெல்லாம், பழையதைச் சாலையோரத்தில் அடையாளம் கண்ட அவள் கண்களே என் நினைவுக்கு வருகின்றன.