மலை தந்த மறுமொழி

சப்பானிய நாட்டார் வழக்கில் ‘கொதாமா’ என்றொரு சொல் உண்டு. மரத்தின் உயிர் என்பது அதன் பொருள். முதுமரங்களுள் உறையும் ஆவியைக் குறிக்கும் அச்சொல்லே மலையில் எழும் எதிரொலியையும் குறிக்கும். மலைவழியே செல்வோன் குரல் கொடுத்தால், மறுமொழி தருவது மரத்துள் வாழும் உயிரே என்று அம்மக்கள் நம்பினர். 1776இல் தொரியாமா செகியென் என்னும் ஓவியர் வெளியிட்ட ஆவிகள் பற்றிய படநூலில் முதற்கண் நிற்பது இம்மரத்தாவியே. 1958இல் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய விரைவு வண்டிக்கும் இப்பெயரையே சூட்டினர். சென்ற குரல் மீள்வது போல, ஒரே நாளிற் சென்று மீளலாம் என்பது கருத்து.

தமிழும் சப்பானியமும் உறவுடையன என்று வாதிட்டவர் அறிஞர் சுசுமு ஓனோ. மொழிநூலார் பலர் அதனை ஏற்றிலர். அவ்வழக்கு அறிஞர்பாற் கிடக்க. உள்ளத்தால் இரு மக்களும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. மன்றத்து மராமரத்தில் உறையும் பழந்தெய்வம் கொடியோரை வருத்தும் என்னும் நம்பிக்கையைக் குறுந்தொகையின் 87ஆம் பாட்டிற் கபிலர் வைத்துள்ளார். நற்றிணை 172ஆம் பாட்டிலோ, தான் விளையாட்டாய்ப் புதைத்து வளர்ந்த புன்னையைத் தலைவி தன் உடன்பிறந்தாளாகவே கருதி, அதன் நிழலிற் காதலனோடு நகையாட நாணுகின்றாள். ஒன்று அச்சம்; மற்றொன்று அன்பு. இரண்டுமே மரத்துக்கு உயிரைத் தந்தன. இன்னும் ஒன்று: தமிழிற் ‘சிலம்பு’ என்பது மலை, ‘சிலம்புதல்’ என்பது ஒலித்தல், எதிரொலித்தல். ஒலியையும் மலையையும் நம் முன்னோரும் ஒரு சொல்லுள் அடக்கிவிட்டனர்.

இவற்றை நூலிற் கற்பதற்கு நெடுநாள் முன்னரே ஏலகிரி மலையடிவாரத்தில் என் பாட்டனார் எனக்குக் கற்பித்துவிட்டார். அவர் எழுத்தறியாதவர். மலைச்சாரலில் ஆவாரஞ்செடிகளை வெட்டி, பட்டை உரித்து, உலர்த்தி, வண்டியேற்றி வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளுக்குக் கொண்டு வருவது அவர்தம் தொழில். அப்பட்டையின் துவர்ப்பே பச்சைத் தோலை அழுகாது காத்துப் பதப்படுத்தியது. ஊரார் அவர் பெயரை மறந்தே போயினர். எவர்க்கும் அவர் ‘பட்டைக்காரர்’.

செடியில் அரிவாளை வைக்குமுன் மலையை நோக்கி அவர் உரக்க ஒரு குரல் கொடுப்பார். சில நாள் என் பெயரையே சொல்லி அழைப்பார். மலையும் என் பெயரைத் திருப்பிச் சொல்லும். “எதுக்குத் தாத்தா?” என்பேன். “யாரு வராங்கன்னு அதுக்குத் தெரிய வேணாமாடா கண்ணு? அதுக்கும் உசுரு இருக்குதில்ல” என்பார். வேரோடு ஒரு செடியையும் அவர் பறித்ததில்லை. அடிக்கட்டையை விட்டே வெட்டுவார். மழை கண்டதும் அது மீண்டும் தழைக்கும்.

எழுபதுகளின் இறுதியில் யான் கல்லூரி மாணவன். ஒருநாள் பட்டை வண்டியை வழியில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு அவர் கல்லூரி வாயிலில் வந்து நின்றார். உடன் நின்ற நண்பர்கள் “யாரப்பா அவர்?” என்றனர். அழுக்கேறிய வேட்டியும், துவரேறிச் சிவந்த கைகளும் என் கண்ணை உறுத்தின. “எங்க ஊர்ப் பட்டைக்காரர்” என்றேன். அவர் செவியில் அது விழுந்தது. “ஆமா தம்பி, பட்டைக்காரன்தான். இவங்க அம்மா சோறு குடுத்தனுப்புச்சி” என்று புன்னகையோடு பாத்திரத்தை நீட்டிவிட்டு நடந்தார். அதன்பின் ஒரு நாளும் அவர் அது பற்றிப் பேசியதில்லை. யானும் மன்னிப்புக் கேட்டதில்லை.

காலம் மாறிற்று. குரோமிய உப்பினால் விரைந்து பதனிடும் முறை பரவியது. பட்டை வணிகம் சுருங்கியது. கழிவுநீர் கலந்து பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே அதற்குரிய ஈட்டைத் தரவேண்டும் என 28.8.1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொழிலின் சோற்றை உண்டு வளர்ந்தவன் யான்; அதனைப் பழித்தல் எனக்கு ஒல்லாது. ஆயினும், அரிவாளை வைக்குமுன் குரல் கொடுத்த அம்முதியவரைப் போல, ஆற்றினிடம் ஒரு சொல் கேட்டோமா என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

பாட்டனார் மறைந்த ஆண்டில் அம்மலையடிக்குத் தனியே சென்றேன். வெட்டுவார் இன்மையால் ஆவாரை ஆளுயரம் வளர்ந்து மஞ்சட் பூவாய்ப் பூத்திருந்தது. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்னும் பழமொழி நினைவில் வந்து நெஞ்சைச் சுட்டது. சுற்றிலும் எவரும் இலர் என்று அறிந்து, அன்று கல்லூரி வாயிலிற் சொல்லத் தவறிய சொல்லை உரக்கச் சொன்னேன்: “தாத்தா!”

மலை அச்சொல்லைத் திருப்பித் தந்தது.

அன்பு மாணவர்களே! உங்களை ஈன்றோர்க்கும் அவர்களை ஈன்றோர்க்கும் ஊரார் இட்ட தொழிற்பெயர் ஏதேனும் இருக்கும். அதன் பொருளை அவர்கள் இருக்கும்போதே கேட்டறியுங்கள். மலைக்குத் திருப்பிச் சொல்லத் தெரியும், மன்னிக்கத் தெரியாது.